பெயர் போடாத அறிக்கை

ஒசூரில் எழுதிப் பிழைக்கிறவன் நான். கவிதை எழுதி அல்ல. கவிதை எனக்கு ஒரு வேளைச் சோறும் போட்டதில்லை. கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தமிழ் அறிவிப்புகள் எழுதுவது என் வேலை. கேன்டீன் சுவரில், ஷிஃப்ட் பஸ்ஸின் கண்ணாடியில், கழிப்பறைக் கதவில் ஒட்டியிருப்பதெல்லாம் என் உரைநடை. பெயிண்ட் கிடங்கில் புகை வந்தால் ‘சிறிய பராமரிப்புப் பணி’ என்று எழுதுவேன். ஆட்களை வீட்டுக்கு அனுப்பினால் ‘பணி மறுசீரமைப்பு’. முடிவில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: ஊழியர்கள் அச்சமடையத் தேவையில்லை. அந்த வரியைப் படித்த பிறகுதான் எங்களுக்குப் பயமே வருது சார் என்று தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்.

இந்தப் பக்கத்து ஜனங்களே அப்படித்தான். யானைகள் காட்டுக்குள் போய்விட்டன என்று செய்தி வந்தால், சானமாவுக் காட்டோரத்துக்காரர் முதலில் தன் ராகிக் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போடப் போவார். தமிழில் பேசுகிறவர், கன்னடத்தில் பேசுகிறவர், தெலுங்கிலும் உருதுவிலும் பேசுகிறவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு. மேலே இருந்து வரும் சொல்லைத் திருப்பிப் போட்டுப் படிப்பார்கள். வெயிலில் காயவைத்த சட்டையை உட்புறம் வெளியே திருப்புவதுபோல, அவ்வளவு இயல்பாக. நானும் அப்படியே படிப்பவன்தான். மற்றவர்கள் திருப்பிப் படிப்பதற்கென்றே எழுதுபவனும்கூட.

பனி இறங்கியிருந்த ஒரு காலையில் எங்கள் தொழிற்சாலையில் ‘மாக் டிரில்’ என்கிற பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. தீவிரவாதி உள்ளே புகுந்து ஆட்களைப் பிணையாகப் பிடித்துவைத்தால் என்ன செய்வது என்பது அதன் கதை. போலீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, கறுப்புச் சட்டை போட்ட துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதை நான் முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்தேன். பிணைக்கைதிகளாக உட்கார ஆட்கள் போட்டி போட்டார்கள். வேலை இல்லாமல் வெயில் காய்வது யாருக்குத்தான் பிடிக்காது. தீவிரவாதியாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

போலீஸ் அதிகாரி ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து பிரஸ் ஆபரேட்டர் ஒருவரின் முன் நின்றார்.

“தாடி வெச்சிருக்கான்யா. இவனே போதும்.”

அந்தத் தம்பி தாடி வைத்திருந்தது மனைவி மாசமாக இருந்ததால். பிள்ளை பிறக்கும்வரை கத்தி படக் கூடாது என்று எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் யாருக்காவது தாடி நீண்டால் “எத்தனாவது மாசம்?” என்றுதான் கேட்போம். அதிகாரிக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் தேவைப்படவில்லை.

“தலையில ஏதாவது கட்டுங்க. அப்பத்தான் பார்க்க ஒரு இது வரும்” என்றார் அதிகாரி.

எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், எல்லாருக்கும் பாய், குளிருக்குக் கழுத்தில் சுற்றியிருந்த கட்டம்போட்ட துண்டை அவிழ்த்து நீட்டினார். “என் துண்டு வேணும், தாடி அவருதா? நேரா என்னையே போட்டிருக்கலாமே சார்!”

“நீங்க நடிச்சா நிஜமாயிரும் பாய்!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

பெரிய சிரிப்பு. பாயும் சிரித்தார். நானும்தான். அந்தச் சிரிப்பு எவ்வளவு சூடாக, எவ்வளவு சிநேகமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் காது மடல் எரிகிறது.

பாயைப் பிணைக்கைதியாக உட்காரவைத்தார்கள், தம்பிக்குப் பக்கத்திலேயே. மற்ற நாட்களிலும் அவர்கள் அப்படித்தான். ஒரே ஷிஃப்ட், ஒரே சாப்பாட்டு மேசை. தம்பிக்கு அப்பா அம்மா கிடையாது. விழுப்புரம் பக்கம் ஒரு சித்தப்பா இருக்கிறார், அவரும் பேச்சுவார்த்தை இல்லை. தம்பியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்று நின்றது பெரும்பாலும் எங்கள் பிரஸ் ஷாப்தான். பெண் இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள், லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தவள். கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த காதல். காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் அவள் அப்பா அரைமனதாகச் சம்மதித்தார். வளைகாப்பு முடிந்து அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அதற்காகவே அவர் மற்ற ஆறு நாட்களையும் உந்தித் தள்ளுவதுபோல் இருக்கும்.

ஒத்திகை முடிந்தது. கைதட்டினோம். கேன்டீனில் எல்லாருக்கும் கேசரி.

அன்று சாயங்காலமே படம் கிளம்பிவிட்டது. யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. முழங்காலிட்ட தாடிக்காரர், தலையில் கட்டம்போட்ட துண்டு, இரு பக்கமும் துப்பாக்கி. படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும். அது பாயின் முழங்கை. மீதிப் பாயை வெட்டியிருந்தார்கள். கீழே எழுத்து: ஒசூர் தொழிற்சாலையில் பயங்கரவாதி பிடிபட்டான், பெங்களூரைத் தகர்க்கத் திட்டம். அவருக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். பாயின் மதத்துப் பெயர். ஊர், வயது, பேசும் மொழிகள்கூட இருந்தன. பொய்தான், ஆனால் என்ன ஒரு விவரம்! எழுதியவன் என்னைவிட நல்ல எழுத்தாளன்.

மறுநாள் போலீஸ் அறிக்கை வந்தது. நடந்தது ஒத்திகை மட்டுமே, வதந்திகளை நம்ப வேண்டாம், பொதுமக்கள் அச்சமடையத் தேவையில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாழ்நாளில் நான் நேரில் இருந்து பார்த்து, முழுக்க உண்மை என்று கையெழுத்துப் போடக்கூடிய ஒரே அரசு அறிக்கை அதுதான். அதன் கீழே ஜனங்கள் எழுதினார்கள்: ‘புடிச்சிட்டு ஒத்திகைன்னு மூடி மறைக்கிறாங்க.’ ‘மாட்டினதும் மாக் டிரில். நம்பிட்டோம் சாமி.’ யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இத்தனை வருடம் அவர்களுக்கு அப்படிப் படிக்கப் பழக்கிய கைகளில் என் கையும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சேலத்திலிருந்து என் உறவினர் ஒருவர் அதே படத்தை எனக்கு அனுப்பி, “உங்க கம்பெனியாமே, ஜாக்கிரதை” என்று எழுதியிருந்தார். நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினேன். அந்தக் கண்களைப் பார்த்தேன். அவரோடு அன்று காலை டீ குடித்தவன் நான். ஒலிபெருக்கியில் அவரைத் தீவிரவாதி என்று அழைத்த வசனமே என்னுடையது. ஆனாலும் ஒரு நொடி, ஒரே நொடி, மனசுக்குள் ஒரு குரல் கேட்டது: யாரு கண்டா? அப்பா அம்மா இல்லேங்கிறான், சித்தப்பா பேசறதில்லேங்கிறான். போனைக் கவிழ்த்து வைத்தேன். வெட்கம் சிலருக்கு முகத்தில் வரும். எனக்கு உள்ளங்கையில் வருகிறது. வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

தம்பி என் அறைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மாமனாரு வராதேங்கிறாரு சார். அவ போனையும் வாங்கி வெச்சிகிட்டாரு.”

“மாக் டிரில்னு சொன்னீங்களா?”

“சொன்னேன். அப்ப உன் பேரு எதுக்கு வேறயா போட்டிருக்குதுன்னு கேக்கறாரு. என் பொண்ணுகிட்ட பேரை மாத்திச் சொல்லிக் கட்டிகினியான்னு கேக்கறாரு.” நிறுத்தி மூச்சு விட்டார். “இது கடைசி மாசம் சார். எப்ப வேணா வலி வந்துரும். நான் அங்க இருக்கணும்.”

நிர்வாகத்திடம் போனேன். போலீஸ் தெளிவாக அறிக்கை கொடுத்துவிட்டது, நாம் தனியாக எதுவும் சொல்லக் கூடாது என்றார்கள். நான் எழுதித் தரக்கூடிய வாக்கியம்தான் அது, அதனால் மறுத்துப் பேச வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கூட வருகிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். நேரில் ஒரு பெரிய மனுஷன் போய் நின்றால் நம்புவார்கள். நரைத்த தலை, கம்பெனி அடையாள அட்டை, நல்ல தமிழ். எனக்கு என்மேல் இருந்த மரியாதை அவ்வளவு.

ஞாயிறு காலை ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் பாய் எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

“நீங்க எங்க பாய்?”

“நல்லாக் கேட்டீங்க சார். தீவிரவாதி புடிச்சு வெச்சிருந்ததே என்னைத்தானே. நான் சொல்லலேன்னா யாரு சொல்லுவா?”

பஸ் ஏறினோம். சூளகிரி தாண்டுகிறவரை பாய்தான் பேசிக்கொண்டிருந்தார். வரும் மகனுக்கு ஃபோர்க்லிஃப்ட் கற்றுத் தருவதாகத் தம்பியிடம் சொன்னார். “மகளா இருந்தா?” என்று தம்பி கேட்டார். “மகளா இருந்தா ஃபோர்க்லிஃப்ட்ட அவ பேருக்கே எழுதி வெச்சிரலாம்” என்றார் பாய். தம்பி சிரித்தார். படம் கிளம்பிய பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே பாறை மலைகள் ஒவ்வொன்றாக எழுந்து எழுந்து உட்கார்ந்தன. பாயிடம் சொல்ல நான் ஒரு வாக்கியத்தை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். எப்படி எழுதினாலும் அசிங்கமாகவே வந்தது. அறிவிப்பில் எத்தனை அசிங்கங்களை மிருதுவாக்கியவன் நான்! இது மட்டும் மிருதுவாகவில்லை.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது ஆரம்பித்தேன். “பாய், அங்க வந்து…”

அவர் என்னை முடிக்க விடவில்லை. “தெரியும் சார். ராத்திரியே யோசிச்சேன். நான் காவேரிப்பட்டினத்துல டீக்கடையில நிக்கிறேன். சாட்சின்னு கூட்டிட்டுப் போவீங்க, அங்க போனதும் நானே ஆதாரமாயிருவேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தம்பி “இல்ல பாய், வாங்க, என்ன ஆனாலும் பார்த்துக்கலாம்” என்றார். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது, வந்துவிடப் போகிறாரே என்ற பயமும் இருந்தது. இரண்டும் பாய்க்குக் கேட்டிருக்கும். நான் காவேரிப்பட்டினம் பஸ் எது என்று பார்க்க ஆரம்பித்தேன். அவரே சொல்லிவிட்டாரே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி, காய்ச்சல் விட்டதுபோல.

காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் அவரை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் போனோம். மா பூத்திருந்தது. வழியெல்லாம் அந்தப் புளிப்பும் தேனும் கலந்த மணம். வீட்டு முன்னால் தகரக் கூரையின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமனார், அவர் மகன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். தம்பி வெயிலில் நின்றார். உள்ளே கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

“நீங்க யாருங்க?” என்றார் மாமனார்.

சொன்னேன். ஒத்திகை எப்படி நடந்தது, தாடிக்காக அவரை எப்படிப் பொறுக்கினார்கள் என்றெல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். போலீஸ் அறிக்கையைப் போனில் எடுத்து நீட்டினேன். மகன் வாங்கி வாய்விட்டுப் படித்தான்.

“இதுல எங்க மச்சான் பேரு எங்க இருக்குது?”

“ஒத்திகைதானேப்பா. அதுல பேரெல்லாம் போட மாட்டாங்க.”

“இதுல பேரு இல்ல. எங்களுக்கு வந்ததுல பேரு, ஊரு, வயசு எல்லாம் இருக்குது. எது நம்பற மாதிரி இருக்குது? நீங்களே சொல்லுங்க சார்.”

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“போலீசு இல்லேன்னு சொல்லுதுன்னா இருக்குதுன்னு அர்த்தம்” என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். “இருக்குதுன்னு சொன்னா?” என்று மகன் கேட்டான். “அதுக்கும் மேல இருக்குதுன்னு அர்த்தம்.” மகன் தலையாட்டினான். அவர் சொன்ன முறையில் சிரிப்பு வரவேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

மாமனார் மட்டும் போனைப் பார்க்கவே இல்லை. தம்பியையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். களைத்த முகம், கெட்ட மனுஷன் முகம் அல்ல. ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் தூங்காமல் இருந்த முகம்.

“நீங்க படிச்சவரு. வயசும் ஆயிருக்குது. எனக்கு குண்டு, போலீசு எல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவன் அவங்க ஆளு இல்லியே?”

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கக்கூடியது நிறைய. உங்கள் கேள்வியே தப்பு என்று சொல்லியிருக்கலாம். அவங்க ஆளாக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கலாம். குறைந்தபட்சம், அவர் பெயர் இது, ஊர் இது என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். எல்லாம் பிறகு தோன்றியவை. அங்கே வெயிலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம், என் வாய் எனக்கு முன்னால் ஓடிப்போய்விட்டது.

“சேச்சே. என்னங்க நீங்க! நம்ம ஆளுங்க இவரு.”

மாமனாரின் தோள் கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. தேவையே இல்லாமல், யாரும் கேட்காமல், இன்னொரு வரி சேர்த்தேன். முடிவில் ஒரு வரி சேர்ப்பது என் தொழில்.

“அவங்களையெல்லாம் எங்க கம்பெனியில சேர்க்கறதே இல்லைங்க. அந்தப் பயமே உங்களுக்கு வேணாம்.”

மாமனார் நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், “அதான பார்த்தேன், மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே” என்றார். மகன் எழுந்துபோய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். தம்பி உட்காரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, நன்றியுமில்லை. ஒரே அறையில் ஒரே தப்பைச் செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்களே, அப்படி. அதற்குள் கதவு திறந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் வந்து நின்றாள்.

“துண்டு கட்டினா நல்லாத்தான் இருக்குது உனக்கு” என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். தம்பி உள்ளே போனார்.

எனக்கு மோர் கொண்டுவந்தார்கள். கொத்தமல்லி போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, ஜில்லென்று. முழுவதும் குடித்தேன். ருசியாகவே இருந்தது. அதுதான் இன்னும் தாங்க முடியாதது.

தம்பி அங்கேயே தங்கிக்கொண்டார். நான் மட்டும் திரும்பினேன். டீக்கடையில் பாயைச் சுற்றி நாலைந்து பேர். கையில் கண்ணாடி டம்ளரோடு அவர் ஒத்திகையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “துப்பாக்கிய நீட்டினதும் எங்க தீவிரவாதி என்னைப் பார்த்து, பாய், முட்டி வலிக்குது, எப்ப முடியும்னு கேக்கறான்!” டீ மாஸ்டர் வடிகட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்தார். “அப்ப அந்தப் படம் புருடாவா? எனக்கு எங்க சித்தி அனுப்பிச்சாங்களே!” என்று ஒருவர் கேட்டார். “புருடாதான். பாருங்க, இந்த முழங்கை யாருது? என்னுது” என்று பாய் போனில் படத்தைக் காட்டித் தன் முழங்கையை மடக்கிப் பக்கத்தில் வைத்தார். அவர்கள் முழங்கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நம்பிவிட்டார்கள். அவர் பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தார். “என்னாச்சு சார்? உள்ள விட்டாங்களா?”

“விட்டாங்க பாய். அங்கேயே இருக்கறாரு.”

அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். என் உள்ளங்கை ஈரமாக இருந்ததைக் கவனித்திருப்பார்.

“எப்படி சார் நம்புனாங்க? என்ன சொன்னீங்க?”

“போலீஸ் அறிக்கையப் படிச்சுக் காட்டினேன். நம்பிட்டாங்க.”

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். பாய்க்கு ஜன்னலோரம். தென்பெண்ணைப் பாலம் தாண்டும்போது, ஏதோ நல்ல செய்தியை மறுபடி கேட்க விரும்புகிறவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

“பரவால்லியே சார். அறிக்கையெல்லாம் நம்பறவங்க இன்னும் இருக்கறாங்களே!” சிறிது நேரம் கழித்து, “அதுல எந்த வரிய நம்புனாங்க சார்?” என்றார்.

டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். காதில் விழாதவன் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒசூர் வரும்வரை அவர் மறுபடி கேட்கவில்லை.